கழிப்பறைக்குப் பின்னால் போகும் வரிசை

…ஆபீஸ் அருமையாக இருந்ததாம், எவனாவது அப்படி நினைப்பானா, அதுவும் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு வந்த இடத்தில், கையில் பலூனைப் பிடித்துக்கொண்டு… அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுத் திரையில் இருந்ததை மறுபடி படித்தாள். ‘ஆபீஸ் அருமையாக இருந்தது, இன்னொரு முறை போக வேண்டும்.’ நினைத்தவன் மஞ்சள் சட்டைக்காரன், அவளுடைய கணினி விளையாட்டுப் பூங்காவில் சலிக்காமல் சுற்றுகிற பொம்மை ஜனங்களில் ஒருவன். எவன் தலையிலாவது அம்புக்குறியை வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் போதும், அவன் மனதில் ஓடுவதெல்லாம் ஒரு சின்னக் கட்டத்தில் வந்து நிற்கும், பசிக்கிறது, கால் வலிக்கிறது, குடைராட்டினம் போர், இப்படி. இந்த விளையாட்டிலேயே அவளுக்குப் பிடித்த வசதி அதுதான், நிஜ மனிதர்களுக்கும் இப்படி ஒரு கட்டம் இருந்தால் எவ்வளவு வீண்பேச்சு மிச்சமாகும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். ஆனால் ஆபீஸ்? அவள் பூங்காவில் ஆபீஸ் என்று ஒன்று கிடையாதே. ஒரு குடைராட்டினம், ஒரு ஊஞ்சல் கப்பல், ஒரு தின்பண்டக் கடை, ஒரு கழிப்பறை, அப்புறம் அவளுடைய ரோலர் கோஸ்டர், அவ்வளவுதானே… பக்கத்தில் போன குடைக்காரியை அழுத்தினாள், அவளுக்கும் ஆபீஸ் அருமை. தொப்பிக்காரனுக்கு ஆபீஸில் லேசாகக் குமட்டியதாம். அவளுக்கு மூக்கு வேர்த்தது.

உண்மையில் இந்நேரம் அவள் வீட்டிலேயே இருந்திருக்கக் கூடாது. ஆயத்த ஆடைக் கம்பெனியில் மத்தியானம் மின்சாரம் போய், ஜெனரேட்டரும் கைவிரித்துவிட, கிளம்புங்கள் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு அங்கே துணி மிச்சம் பிடிக்கிற வேலை, சட்டையின் கை, முதுகு, காலர் எல்லாவற்றையும் திரையில் நெருக்கிப் போட்டு, நடுவில் விரல் நுழைகிற இடம்கூட வீணாகாமல் அடுக்கித் தர வேண்டும். அந்தப் புத்தி வீட்டுக்கு வந்தாலும் விடுவதில்லை. மற்றவர்கள் இந்த விளையாட்டில் மலையைச் சுற்றி, ஏரியைத் தாண்டி, கண்ணுக்கெட்டிய தூரம்வரை தண்டவாளம் போடுவார்கள், அவள் மட்டும் கைக்குட்டை அளவு நிலத்துக்கு வேலி போட்டு, அதற்குள்ளேயே ஏற்றி, இறக்கி, தன் வயிற்றுக்குள் தானே நுழைந்து வெளியே வருகிற மாதிரி ஒரு கோஸ்டரை மடித்து வைப்பாள். அது லேசுப்பட்ட காரியமா… இடம் சின்னதென்றால் வளைவு இறுகும், வளைவு இறுகினால் விளையாட்டு ஒவ்வொரு சவாரிக்கும் போடுகிற உக்கிரக் கணக்கு ஏறும், உக்கிரம் ஏறினால் ஜனம் வாசலிலேயே முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிவிடும், சரி என்று இறக்கத்தைக் குறைத்தால் கடைசி மேட்டில் வண்டி ஏற முடியாமல் பின்னாலேயே வழுக்கிக்கொண்டு வரும். பணக்கணக்கு இல்லாத ஆட்டமாகத்தான் எப்போதும் ஆடுவாள், அந்தத் தலைவலி கம்பெனியோடு போகட்டும் என்று. இத்தனையையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற கணவன் என்ன சொல்வான், “ரயிலு சுத்துது, திரும்பச் சுத்துது, கூடவே நீயும் சுத்துற” என்பான். தப்பித்தவறி மவுஸைத் தொட்டதில்லை. சவாரிகளுக்குப் பெயர் வைப்பது மட்டும் அவன் இலாகா, இந்தக் கோஸ்டருக்குச் சுருட்டை என்று வைத்ததும் அவன்தான், அதைக்கூட இவள்தான் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது.

மஞ்சள் சட்டைக்காரனை விடக் கூடாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவன் பின்னாலேயே போனாள், படுபாவி நேராகப் போகிறானா என்றால் இல்லை, கடையில் ஏதோ வாங்கித் தின்றான், பெஞ்சில் உட்கார்ந்தான், எழுந்தான், வந்த வழியே திரும்பினான், சீக்கிரம் போடா என்று அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள். கழிப்பறைப் பக்கம் போனான். உள்ளே நுழையவில்லை, சுவரை ஒட்டிப் பின்னால் திரும்பினான், அங்கே ஏது பாதை, அவள் அங்கே பாதை போடவே இல்லையே… மரங்களை மறைத்துவிட்டுக் காட்சியைச் சுழற்றிப் பார்த்தாள். ஓராள் அகலத்தில் ஒரு நடைபாதை, அதில் ஒரு வரிசை, குடைக்காரிகள், தொப்பிக்காரர்கள், பலூன்காரர்கள், கல்யாண வீட்டுப் பந்திக்கு நிற்கிற மாதிரி அத்தனை பேர், வரிசையின் தலை ஒரு சின்ன வாசலுக்குள் புகுந்து தரைக்கடியில் இறங்கியது. நிலத்துக்கு அடியில் பார்க்கிற பொத்தான் ஒன்று உண்டு, அதை அவள் தொட்டே ரொம்ப நாளாயிற்று. தொட்டாள். புல்தரை மறைந்தது. சுருட்டைக்கு நேர் கீழே, இன்னொரு கோஸ்டர் ஓடிக்கொண்டிருந்தது.

தன் வீட்டுப் பரணில் யாரோ குடியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. பெயர்ப்பலகையில் ஆபீஸ் என்று எழுதியிருந்தது. யார், யார் இதைச் செய்தது… இன்னொரு சாவி நாத்தனாரிடம் இருக்கிறது, கணவனின் தங்கை, இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் பேர்வழி என்று அவ்வப்போது வந்து போகிறவள், அலமாரியில் புடவை இடம் மாறியிருப்பதை இவள் கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்திருக்கிறாள். உடனே போன் போட்டாள், கம்பெனியிலிருந்து பேசுகிற மாதிரியே குரலை வைத்துக்கொண்டாள், எதிராளியிடம் எதையும் காட்டிக்கொள்ளக் கூடாது பாருங்கள், என் கம்ப்யூட்டரைத் தொட்டாயா என்று மட்டும் கேட்டாள். “அண்ணி, நானா? உங்க கம்ப்யூட்டர எங்க அமுக்கணும்னே எனக்குத் தெரியாது. போன தடவ ஃபேன் ரெகுலேட்டர் கையோட வந்துச்சே, அதுலேர்ந்து உங்க வீட்ல எதையும் தொடுறதில்லன்னு சத்தியமே பண்ணியிருக்கேன்” என்று சிரித்தாள் அவள். சிரிப்பு சட்டென்று நின்றது. “ஏன் அண்ணி… அண்ணன் எதாவது சொன்னாரா?” “என்ன சொல்லணும்?” “ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன். அடுப்புல பால் வெச்சிருக்கேன், அப்புறம் பேசறேன்.” இந்த நேரத்தில் என்ன பால். அண்ணனும் தங்கையுமாகச் சேர்ந்து ஏதோ ஒன்றை மூடி வைத்திருக்கிறார்கள், அதற்கு மேல் தட்டைக் கவிழ்த்து, தட்டின் மேல் இவளையும் உட்கார வைத்திருக்கிறார்கள்…

அண்ணன் என்ன சொல்ல வேண்டும்? பார்சல் கம்பெனியில் புகார் மேசையில் உட்கார்கிறவன், காலையில் இவளோடு சேர்ந்தே பூட்டிக்கொண்டு கிளம்புகிறான், முனையில் அவன் அந்தப் பக்கம், இவள் இந்தப் பக்கம். சாயங்காலம் வந்து, கொட்டாவி என்று அவன் பெயர் வைத்த மேனேஜரைப் பற்றிக் கதை சொல்கிறான், இப்போதெல்லாம் கதைகள் முன்னைவிட ஜோராக இருக்கின்றன. சட்டை கசங்குவதில்லை… அதை எப்படி விட்டாள்? பீரோவிலிருந்து எடுத்த மடிப்பு அப்படியே இருக்கும், ஏசி போட்டிருக்காங்க என்றான். சாப்பாட்டு டப்பா கழுவித் துடைத்து வருகிறது, முன்பெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் அதைத் திறக்க வேண்டும், கேட்டதற்கு, “ஆபீஸ்ல புதுசா குழாய் போட்டிருக்காங்க” என்றான். அன்றைக்கே எவளோ கழுவித் தருகிறாள் என்றுதான் நினைத்தாள், எவளோ ஒருத்தி, வளையல் சத்தத்தோடு, இவள் செய்து கொடுத்ததைத் தின்றுவிட்டுக் கழுவித் தருகிற ஒருத்தி. ஆனால் இவள் வீட்டுத் தொட்டியில் பாத்திரம் தேய்க்கிற நார் சாயங்காலம் ஈரமாகவே இருந்ததே, குழாய் சொட்டுகிறது என்று குழாயைத்தானே திட்டிக்கொண்டிருந்தாள்… இங்கேயே கழுவியிருக்கிறான். இங்கேயே சாப்பிட்டிருக்கிறான். இந்த நாற்காலியில். எவளும் இல்லை, ஒருத்தியோடு சுற்றுகிறவனுக்கு இத்தனை பொறுமையாகத் தண்டவாளம் பதிக்கப் பொழுது ஏது. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது, வந்த மூச்சு பாதியிலேயே நின்றது, அப்படியானால் வேலை? வேலை போய்விட்டதா, போய் எத்தனை நாளாயிற்று, தங்கையிடம் சொல்லத் தெரிந்தவனுக்கு என்னிடம் சொல்ல வாய் வரவில்லையா, நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன்…

வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து பார்க்கிற வசதியை அழுத்தினாள். சங்கிலி கடகடவென்று இழுத்தது, இருட்டுக்குள் ஏற்றம், ஏற்றமா, அது சுருட்டைக்காக இவள் தோண்டியிருந்த சுரங்கத்தின் தலைக்கு மேலேயே ஏறி, அதை உரசாமல் திரும்பியது. சுருட்டையின் தூண்கள் மண்ணுக்குள் இறங்குகிற இடமெல்லாம் வண்டி ஒதுங்கி ஒதுங்கிப் போயிற்று, நெருக்கடியான கல்யாண மண்டபத்தில் தூங்குகிற குழந்தைகளை மிதிக்காமல் நடக்கிறவனைப் போல. அவளுடைய தண்டவாளத்தில் ஒரு துண்டைக்கூட நகர்த்தவில்லை. அவள் விட்டு வைத்த சந்து பொந்துகளில் மட்டுமே கட்டியிருக்கிறான், அவளுக்கே தெரியாத இடங்கள், அடக் கடவுளே, இங்கே இவ்வளவு இடம் இருந்ததா என்று அவள் வாயைப் பிளந்தாள். கடைசித் திருப்பம் அவள் துணிச்சலாகப் போட்டிருக்கக்கூடியதைவிட இறுக்கம், ஆனாலும் உக்கிரம் எல்லைக்குள்தான் நின்றது, எப்படி நின்றது, முன்னாலேயே பிரேக்கை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கிள்ளியிருக்கிறான், சமர்த்து. பொறாமையாக இருந்தது, நன்றாகவே இருந்தது. யாரும் ஏறாமல் காலி வண்டியாகச் சோதனை ஓட்டத்திலேயே விட்டிருந்தால் அவளுக்கு இந்த ஜென்மத்தில் தெரிந்திருக்காது. ஆனால் இதைக் கட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும் அந்த அவஸ்தை, நன்றாக வந்த கோஸ்டரில் நாலு பேர் ஏறிக் கத்தினால்தான் கட்டியவனுக்குச் சாப்பாடு இறங்கும், வாசலைத் திறந்துவிட்டான், மாட்டிக்கொண்டான். பகல் பூராவும் இந்த அறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, தனியாக, பொம்மைகள் கத்துவதைக் கேட்டுக்கொண்டு… அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

கேட்டுவிடலாம். நேரடியாகக் கேட்டுவிட்டால் என்ன. கணவனுக்குப் போன் போட்டாள், இரண்டாவது மணிக்குள்ளேயே எடுத்தான். “சொல்லும்மா.” “எங்க இருக்கீங்க?” “ஆபீஸ்லதான், வேற எங்க? கொட்டாவி இப்பதான் ஒரு ரவுண்டு வந்துட்டுப் போனான், வாயத் தொறந்தான் பாரு, ஒரு பார்சலே உள்ள போயிருக்கும்.” சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, பல்லைக் கடித்து அடக்கினாள், பொய் என்று தெரிந்த பிறகும் சிரிப்பு வருகிறதே, என்ன பிறவி நான். “ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்.” “குரலு ஒரு மாதிரி இருக்கே, தலவலியா? கொஞ்ச நேரம் படுத்துக்கோ.” வைத்துவிட்டான்.

படுத்துக்கோ… கம்பெனியில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவளிடம் யாராவது படுத்துக்கோ என்பார்களா? மாத்திரை போட்டுக்கோ என்பார்கள், டீ குடி என்பார்கள். அவள் வீட்டில் இருப்பது அவனுக்குத் தெரியும். யார் சொன்னது, அவள் யாரிடமும் சொல்லவில்லை, நாத்தனாரிடம்கூட. அதைவிடப் பெரிய கேள்வி இப்போதுதான் வந்தது, இத்தனை நேரம் எங்கே போயிருந்தது இந்தக் கேள்வி… தினமும் இந்நேரம் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன், இன்றைக்கு எங்கே உட்கார்ந்திருக்கிறான்? எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். வெளியே மழை எப்போது பிடித்தது என்றே தெரியவில்லை, படிக்கட்டில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் அவளுடைய செருப்பு, அவசரத்தில் கழற்றியதில் ஒன்று குப்புற. அதற்கு எதிரே தரையில் ஈரமாக ஷூ தடம், படியேறி வந்து, செருப்புக்கு முன்னால் ஒன்றாக நின்று, அப்படியே திரும்பிக் கீழே இறங்கிப் போயிருந்தது. இன்றைக்கென்று எங்கேயோ போய்விட்டு வந்திருக்கிறான், இப்போது எந்தக் கடை வாசலில் ஒண்டிக்கொண்டு நிற்கிறானோ, சாப்பாட்டு டப்பாவைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இவள் எப்போது வெளியே போவாள் என்று பார்த்துக்கொண்டு.

கூப்பிட்டிருக்கலாம், போனில் வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் குனிந்து செருப்பைக் கையில் எடுத்தாள், உள்ளே கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினாள், கதவைத் தாழ்ப்பாள் போடாமல் சாத்தினாள், திரையை அணைத்துவிட்டுச் சமையலறையில் இருட்டாக இருக்கிற மூலையில் போய் நின்றுகொண்டாள். வீடு காலி என்று நினைத்துக்கொண்டு வரட்டும். வந்தால்? கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறாளா, இல்லை, நனைந்தவன் உள்ளே வந்து தலையைத் துவட்டிக்கொள்ளட்டும் என்று இடம் விட்டிருக்கிறாளா… ரொம்ப நேரம் கழித்துப் படியில் ஷூ சத்தம் ஏறி வந்தது, வாசலில் நின்றது. சாவி போடுகிற சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் முன்னால் வாசலில் இருந்த செருப்பு இப்போது இல்லை, அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று கதவுக்கு அந்தப் பக்கம் அவனும் யோசித்துக்கொண்டிருப்பான், கிளம்பிப் போய்விட்டாளா, இல்லை… அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தன் வீட்டில், தன் புருஷனுக்குத் தெரியாமல், இப்போது ஒளிந்துகொண்டிருப்பது தான்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.