சிகரெட் வரியும் முதல் பெஞ்சும்

எங்கள் துறைத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் வளைகோடு. எதைக் கேட்டாலும் போர்டில் ஒரு கோட்டை வளைத்துப் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார். என் தோழிக்குப் பெயர் டேப். வகுப்பில் அவர் எந்த இடத்தில் இருமினார் என்பதுவரை அப்படியே திருப்பிச் சொல்லுவாள். பொருளாதாரம் இரண்டாம் ஆண்டில் அவர் பாடத்தை உட்கார்ந்து கேட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். மற்ற மகராசன்களும் மகராசிகளும் சீனியர்களின் பழைய அசைன்மென்ட்டை வாங்கிப் பேரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

இந்த முறை வந்த கேள்வி இது: சிகரெட்டுக்கு அரசு வரி போட்டால் சுமை யார் தலையில் விழும்? விற்கிற கம்பெனி தலையில் என்று நான் எழுதினேன். டேப்பும் அதையே எழுதினாள். தப்பு. சிகரெட்டை விட முடியாதவன் என்ன விலை சொன்னாலும் வாங்குவான், அதனால் சுமை அவன் தலையில்தான். சீனியரைப் பார்த்து எழுதிய அத்தனை பேரும் சரி. வகுப்பில் கேட்டு எழுதிய நாங்கள் மட்டும் தப்பு! ஏனென்றால் வளைகோடு அன்றைக்குச் செங்குத்தாக இழுக்க வேண்டிய தேவைக் கோட்டைப் படுக்கப் போட்டுவிட்டார். கோடு நின்றால் சுமை வாங்குகிறவன் தலையில், படுத்தால் கம்பெனி தலையில். நாங்களும் வேதவாக்காக எழுதிக்கொண்டோம்.

ஒரே தப்பு இரண்டு பேரிடம் இருந்தால் அது காப்பிதானாம். விசாரணை என்று கூப்பிட்டார். ஒழுங்கு நடவடிக்கை வந்தால் என் உதவித்தொகை நின்றுவிடும். அது நின்றால் அண்ணன் ஹாஸ்டலுக்கு வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். "படிச்சுக் கிழிச்சது போதும்" என்று சொல்வதற்கு அவன் எப்போதடா என்று காத்திருக்கிறான். டேப்பும் உதவித்தொகையில்தான் படிக்கிறாள்.

"உண்மையைச் சொல்லிடுவோம்டி," என்றேன் மாடிப்படியில். "போர்டைப் பாத்துதான் எழுதினோம்னு. ஒருத்தி சொன்னா திமிரும்பாரு. ரெண்டு பேரும் சொன்னா என்ன பண்ணிடுவாரு?"

"சரிடி," என்றாள். கையைப் பிடித்து ஒரு அழுத்து வேறு.

மனுஷன் லேசுப்பட்டவரா? அவளை நூலகத்திலும் என்னைத் தன் அறையிலும் உட்கார வைத்தார். இரண்டு கைதிகளைத் தனித்தனி அறையில் போட்டு, முதலில் காட்டிக்கொடுப்பவனுக்கு விடுதலை என்றால் என்ன நடக்கும் என்று போன மாதம்தான் பாடம் நடத்தியிருந்தார். அதை எங்களை வைத்தே ஓட்டிப் பார்க்கிறார்.

"யார் யாரைப் பாத்து எழுதினதுன்னு முதல்ல சொல்றவங்களை விட்டுடுவேன்மா. இன்னொருத்தர் மேலதான் நடவடிக்கை."

"யாரும் யாரையும் பாக்கல சார். போர்டைப் பாத்தோம். நீங்கதான் அப்படிப் போட்டீங்க."

பேனாவை மூடினார். "நானா?"

"ஆமா சார். அவளையும் கேளுங்க."

"நீ தப்பா எழுதிக்கிட்டா நானாம்மா பொறுப்பு?" என்று எழுந்து போனார். திரும்பி வந்தபோது முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"நீதான் அவளோடதைப் பாத்து எழுதினியாம். அவ சொல்லிட்டா. நீ போலாம்."

விருட்டென்று எழுந்து வந்தேன். வெளியே வராந்தாவில் அவள் நின்றிருந்தாள்.

"ஏன்டி?"

"அவரையே தப்புன்னு சொன்னா ரெண்டு பேருமே காலிடி. ஒருத்தியாவது தப்பிக்கட்டும்னுதான்..."

"அந்த ஒருத்தி நீயா ஏன்டி இருக்கணும்?"

"நீயும் என்னைத்தான் மாட்டிவிடுவேன்னு நெனச்சேன்."

"ஒரே தட்டுல சாப்பிட்டோமேடி, பாவி!" நான் போட்ட கத்தலில் ஆபீஸ் கிளார்க் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டுமே, எனக்கென்ன?

உதவித்தொகை நின்றது. அண்ணன் போனில், "பெட்டியைக் கட்டு," என்றான். "நீ வந்து கட்டிப் பாரு," என்றேன். இப்போது சாயங்காலத்தில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறேன். பகலில் வகுப்பு. நான் போகாவிட்டால் அந்த இரண்டு பேருக்கும் கொண்டாட்டமாகிவிடும். முதல் பெஞ்சிலிருந்தும் நான் நகரவில்லை. துரோகம் செய்தவள் அவள், இடம் மாற வேண்டியது நானா? பக்கத்திலேயே உட்கார்ந்தேன், ஒரு வார்த்தை பேசாமல்.

போன வாரம் வளைகோடு அதே பாடத்தை மறுபடி எடுத்தார். தேர்வு நெருங்கியதால் மகராசன்களும் மகராசிகளும்கூட வந்திருந்தார்கள். கோட்டைச் செங்குத்தாக இழுத்தார். ஒரு விளக்கம் இல்லை, ஒரு கனைப்புகூட இல்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. எழுந்தேன். டேப் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருடி, ப்ளீஸ்."

கையைத் தட்டிவிட்டேன். "போன தடவை படுக்கப் போட்டீங்களே சார்?"

அவர் சிரித்தார். "அப்படியா? யாராவது பாத்தீங்களா?"

யார் பார்த்தார்கள்? அன்றைக்கு எல்லாரும் கேன்டீனில் அல்லவா இருந்தார்கள்.

"நீ சொல்லும்மா," என்றார் டேப்பிடம். "நீதான் முதல் பெஞ்சாச்சே."

டேப் எழுந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஞாபகம் இல்ல சார்."

அடிப்பாவி! அவர் இருமலைக்கூட விடாதவளுக்கா ஞாபகம் இல்லை?

"சரி, பாடத்துக்கு வருவோம்," என்று அவர் திரும்பி, படத்துக்குக் கீழே எழுதினார்: எளிதில் விலகிப் போகக் கூடியவர் மேல் சுமை குறைவு.

படித்தேன். பையை எடுத்துக்கொண்டு கடைசிப் பெஞ்சுக்குப் போனேன். ஒரு மகராசன் நகர்ந்து இடம் விட்டான்.

டேப் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. காலியாகக் கிடந்த என் இடத்தைக் கையால் தட்டினாள், வா என்று.

"போர்டைப் பாருடி, டேப்!" என்றேன், வளைகோட்டுக்கும் நன்றாகக் கேட்கும்படி. "ஞாபகம் இருக்கணும்ல?"