முதுகில் எழுதிய எண்

முன்னறை யாருக்கு என்பதுதான் அந்த வீட்டில் அப்போது இருந்த ஒரே வழக்கு. வீடு நாத்தனாருடையது. அவள் மாடியில் இருந்தாள், தனியாக. கீழே அவளுடைய தம்பியும் தம்பி மனைவியும். தம்பி பல வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துவிட்டு ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் பெயர் போகவில்லை. தெருவில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். தெருவைப் பார்த்த முன்னறையில் மனைவி ஒரு மிதி மெஷினைப் போட்டு, ஜிப் மாற்றுவது, பேண்ட் நீளம் குறைப்பது, கிழிசலுக்கு ஒட்டுப் போடுவது என்று திருத்த வேலை தொடங்கியிருந்தாள். தொடங்கியிருந்தாளே தவிர, யாரும் வந்தபாடில்லை.

நாத்தனார் ஒருநாள் மாடிப்படியில் பாதி இறங்கி நின்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். முழுதாக இறங்க மாட்டாள். பாதிப் படியே அவளுக்கு நீதிமன்றம். ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர் அந்த அறையை வாடகைக்குக் கேட்கிறாராம். பள்ளிக்கூடம் திறக்கும்வரை பார்ப்பாளாம். அதற்குள் ஆள் நடமாட்டம் இருந்தால் சரி, இல்லாவிட்டால் மெஷின் சமையலறைக்குப் போக வேண்டியதுதான். சமையலறையில் மெஷினைப் போட்டால் ஒன்று அடுப்பு எரியும், இல்லை துணி எரியும். அது நாத்தனாருக்கும் தெரியும்.

விளம்பரத்துக்குச் செலவழிக்கக் கையில் எதுவும் இல்லை. நாலு பேர் கூடுகிற பொதுக்காரியத்தில் போய் நின்றால் நம்மை எல்லோருக்கும் தெரியவரும், அதற்குக் காசு வேண்டாம் என்றார் கண்டக்டர். முதலில் ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் ஒரு மேசை போட்டு, அறுந்த பட்டனை இலவசமாகத் தைத்துத் தந்தார்கள். கூட்டம் அலைமோதியது. நல்ல பட்டனைக்கூடப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு வந்து நின்றார்கள். மறுநாள் முன்னறைக்கு ஒருவரும் வரவில்லை. வாசகசாலையின் ஜன்னல் துணிகளை அவள் தைத்துக் கொடுத்தாள். நூலகர் மனதார நன்றி சொன்னார், அவ்வளவுதான்.

பிறகுதான் டிரில் மாஸ்டர் வந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். காலையில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு தெருவைக் கூட்டும் சுத்தக் குழுவுக்குத் தலைவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். குழுவினருக்கு ஒரே மாதிரி கையில்லாத மேல்சட்டை தைத்துத் தர யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டு வந்தார். கண்டக்டர் அவரை உட்கார வைத்து, இலவசமாகவே தைத்துத் தருகிறோம், முதுகில் மட்டும் எங்கள் தையலின் பெயரும் போன் நம்பரும் இருக்கும் என்றார். மாஸ்டருக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

துணிக்கு எங்கே போவது என்று அவள் கேட்டாள். கண்டக்டர் மாடிப்படியின் அடியில் கைவிட்டு ஒரு மூட்டையை இழுத்தார். நாத்தனாரின் ஹாலில் முன்பு தொங்கிய பச்சைத் திரைச்சீலைகள். புதிது மாட்டியபோது கழற்றிக் கட்டிவைத்தவை.

"அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?" நாத்தனாரை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள்.

"கேட்டா வேணாம்னு சொல்லிடுவாங்க. அப்புறம் எடுத்தா அது திருட்டு. கேக்காம எடுத்தா வெறும் மறதி."

அந்த நியாயம் அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனால் கத்தரி கையில் ஏறிவிட்டது.

தப்பு நடந்தது அடுத்த கட்டத்தில். வெள்ளைத் துணியில் எழுத்துகளை வெட்டி முதுகில் வைத்துத் தைக்க வேண்டும். எதைப் பெரிதாகப் போடுவது என்று பேச்சு வந்தது. கண்டக்டருக்கு அதில் சந்தேகமே இல்லை. "பஸ்ஸுல எது பெருசா இருக்கும்? நம்பர். எங்க போகுதுங்குறது சின்னதாத்தான் இருக்கும். நம்பரப் பாத்துத்தான் ஜனங்க ஓடி வருவாங்க." அவளுக்கும் அது வசதியாகப் பட்டது. எண்களை வெட்டுவது சுலபம். தமிழ் எழுத்தின் சுழிகளை வெட்டினால் கத்தரியே சுழன்று விழும். ஆகவே போன் எண் இரண்டு வரியாக, இலக்கம் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். 'தையல், துணி திருத்தம்' என்பது கீழே, இடுப்பை ஒட்டி, விரல் நுனி அளவு. விளம்பரத்துக்கென்றே புது சிம் ஒன்று வாங்கி, பழைய போனில் போட்டு மெஷின் இழுப்பறையில் வைத்தார்கள்.

கையில் துடைப்பமும் முதுகில் பெரிய எண்ணுமாக ஒரு கூட்டம் தெருத்தெருவாகப் போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? முதல் அழைப்பு அன்று காலையிலேயே வந்தது. தன் வீட்டுக்குள் தன்னையே நாய்கள் விடமாட்டேன் என்கின்றன என்றார் ஒருவர். அடுத்தவர் வீட்டெதிரே விளக்கு எரியவில்லை. இன்னொருவருக்குச் சாக்கடை. அவள் ஒவ்வொருவருக்கும், இது தையல் வீடுங்க, இது தையல் வீடுங்க என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு போனாள். மத்தியானத்துக்குள் அழுகை வந்துவிட்டது. முன்னறையும் போகப்போகிறது, முதுகெல்லாம் எண்ணைத் தைத்த உழைப்பும் வீண்.

கண்டக்டர் போனை வாங்கிக்கொண்டார். "கைகாட்டி நிறுத்துனவங்கள ஏத்தாம போறியே. இப்படிக் குடு."

தொண்டையை இறுக்கி, பழைய டிக்கெட் குரலுக்கு மேலே கொஞ்சம் எண்ணெய் பூசினாற்போல ஒரு குரல் எடுத்தார். "சொல்லுங்க. குறிச்சுக்கிட்டோம். உங்க புகார் நம்பர் முப்பத்தேழு." முப்பத்தேழு அவர் கடைசியாக ஓடிய பஸ்ஸின் எண், எல்லோருக்கும் அதையே கொடுத்தார். எந்த இடத்திலும் தன்னை அதிகாரி என்று சொல்லிக்கொள்ளவில்லை. அப்படி நினைத்தவர்களைத் திருத்தவும் இல்லை. முடிவில் மட்டும், போனை வைக்கப்போகிறவரைப் போல, "அப்படியே, வீட்டுல கிழிஞ்சது, அவுந்தது ஏதாவது உண்டுங்களா?" என்பார். எதிர்முனை குழம்பும். கொஞ்ச நேரம் கழித்து, ஒரு பேண்ட் ஜிப் இருக்கு என்று சொல்லும்.

புகார்கள் டிரில் மாஸ்டருக்குப் போயின. குழுவால் ஆனதைக் குழு செய்தது. ஆகாததை மாஸ்டர் நகராட்சி அலுவலகத்துக்கு எடுத்துப்போய், வேலை முடியும்வரை அங்கேயே நேராக நிமிர்ந்து நின்றார். அந்த நிற்றலைத் தாங்க முடியாமல் விளக்குகள் எரிந்தன. விளக்கு எரிந்தவர்கள் நன்றி சொல்ல வந்தார்கள். வரும்போது கையில் ஒரு துணிப்பை இருந்தது. முன்னறை நிரம்பியது. அளவை வெட்டுத்துணியில் சாக்கட்டியால் எழுதிக் குத்திவைப்பது அவள் வழக்கம். புகாரையும் அப்படியே எழுதப்போய், ஒருவருடைய கால்சட்டை 'எலி, பின்சந்து' என்ற சீட்டோடு அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. டிரில் மாஸ்டரோ 'இரண்டு விரல் குறைக்கவும்' என்ற சீட்டை வைத்துக்கொண்டு ஒரு வேகத்தடை முன் காலையெல்லாம் யோசித்திருக்கிறார். இதைச் சொல்லிச் சொல்லி முன்னறை சிரித்தது. காத்திருக்கிறவர்கள் வேலை முடிந்தும் எழுந்து போகவில்லை.

ஆனால் படியில் செருப்புச் சத்தம் கேட்டால் சிரிப்பு பட்டென்று நின்றுவிடும். நாத்தனார் பாதிப் படியில் நிற்பாள். எல்லோரும் மடியைப் பார்ப்பார்கள். அவள் அப்படியே திரும்பி ஏறிவிடுவாள். நடமாட்டம்தான் வந்துவிட்டதே என்று கண்டக்டர் ஒருநாள் கேட்டதற்கு, நடமாட்டம் வேறு, சந்தைக்கடை வேறு என்று பதில் வந்தது. ஜெராக்ஸ்காரரிடம் அவள் இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளி திறக்கிற நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் ஒரு மத்தியானம் இழுப்பறைப் போன் ஒலித்தது. தம்பி மனைவி எடுத்துப் பார்த்தாள். நாத்தனாரின் எண். அவளும் பால்கனியில் நின்று யாருடைய முதுகையோ படித்திருக்கிறாள்.

கண்டக்டர் போனைப் பிடுங்கிக்கொண்டு பின்பக்கக் குளியலறைக்கு ஓடினார். போகிறபோக்கில் காத்திருந்த ஒரு டீச்சரம்மாவிடம், சத்தம் நின்றால் சந்தேகம் வரும், கொஞ்சம் மெஷினை மிதியுங்கள் என்றார். அந்த அம்மாவும் எதற்கென்று கேட்காமல் உட்கார்ந்து, நூலே கோக்காத மெஷினைப் பரீட்சைக்குப் போகிறவளைப் போல மிதித்தாள். கண்டக்டரின் மனைவி அவர் பின்னால் ஓடி, கதவைச் சாத்தி, போனில் தானும் காதை வைத்தாள். அவர் நாலாக மடித்த துணியை வாயில் வைத்துக்கொண்டு, சொல்லுங்க என்றார்.

கீழ்வீட்டில் தையல் மெஷின் சத்தம் என்றாள் நாத்தனார். காலையிலிருந்து ராத்திரிவரை. இதோ, இப்போதுகூட நிற்காமல் ஓடுகிறது.

"கீழ இருக்கறது யாருங்க?"

"என் தம்பிதான். உருப்படியா ஒரு வேலை செஞ்சதில்ல. அவன் பொண்டாட்டி பரவாயில்ல, கைத்தொழில் தெரிஞ்சவ. இவன்கிட்ட மாட்டிக்கிட்டா."

அவள் சேலை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கண்டக்டர் முறைத்தார். புகார் எண் முப்பத்தேழு என்று சொல்லி முடிக்கப் பார்த்தார். மறுமுனை முடிக்கவில்லை.

"சத்தம்கூடப் பரவாயில்லங்க." குரல் இறங்கியிருந்தது. "சிரிக்கிறாங்க. என்னன்னு பாக்கலாம்னு படி இறங்குனா நிறுத்திடுறாங்க. எங்க வீட்டுக்காரர் போனதுலேர்ந்து இப்படித்தான், என்னப் பாத்தா எல்லாருக்கும் பேச்சு நின்னுடுது. அதுக்கெல்லாம் உங்க ஆபீசுல புகார் எடுப்பீங்களா?"

வாயிலிருந்த துணி கீழே விழுந்தது. நல்லவேளை, அவரால் பேச முடியவில்லை. அப்புறம் எப்படியோ, நேரில் ஆள் அனுப்புகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

"போய்ச் சொல்லிடுங்க," என்றாள் அவள்.

"சொன்னா ரூம் போகும்."

"சொல்லாட்டி அண்ணி போயிடுவாங்க."

அவர் குளியலறையில் தலைகீழாகக் கவிழ்த்திருந்த வாளிமேல் உட்கார்ந்தார். அவர் அப்படிச் சும்மா உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. கடைசியில், சொல்கிற தைரியம் இல்லாதவர்கள் செய்வதைச் செய்தார். பொய் சொல்லத் தெரியாத மாஸ்டரை மாடிக்கு அனுப்பினார்.

மறுநாள் மாலை மாஸ்டர் பச்சை மேல்சட்டையோடு படியேறினார். அவள் படியடியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். முன்னறையில் மற்றவர்களும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார்கள். மேலே நாற்காலி இழுபட்டது. டீ வந்தது போலிருந்தது, டம்ளர் சத்தம். மெஷின் காலுக்கடியில் ரப்பர் வைத்தால் சத்தம் குறையும் என்று மாஸ்டர் சொல்வது கேட்டது. இரண்டாவது புகாருக்குத் தனக்கு வழி தெரியவில்லை என்று அவரே ஒப்புக்கொள்வதும் கேட்டது. பிறகு அவர் எழுந்து, கிளம்புவதற்காக முதுகைத் திருப்பியிருக்க வேண்டும்.

"கொஞ்சம் நில்லுங்க," என்றது நாத்தனாரின் குரல்.

மாஸ்டரின் தோளோரத்தில், மடித்துத் தைத்தும் மறையாமல், திரைச்சீலை வளையம் மாட்டிய ஓட்டைகள் வரிசையாக இருந்தன. அதற்குக் கீழே இஸ்திரிப்பெட்டி தீய்த்த ஒரு முக்கோணம். அந்த முக்கோணத்தைத் தீய்த்தவளே நாத்தனார்தான்.

கீழே இழுப்பறைக்குள் போன் ஒலித்தது.

படியில் செருப்புச் சத்தம் இறங்கியது. பாதிப் படியில் நிற்கவில்லை. முன்னறை வாசலுக்கே வந்து நின்றாள் நாத்தனார், காதில் போனோடு. மடிகளைப் பார்த்துக்கொண்டு ஒரு கூட்டம் உறைந்திருந்தது. கண்டக்டரைக் காணவில்லை, கொல்லைக் கதவு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. போன் விடாமல் ஒலித்தது. யாராவது எடுத்தாக வேண்டும்.

அவள் இழுப்பறையைத் திறந்து எடுத்தாள். "சொல்லுங்க அண்ணி."

இரண்டு கை தூரத்தில் நின்றுகொண்டு, நாத்தனார் போனுக்குள்தான் பேசினாள். "ஒரு புகார் குடுத்திருந்தேன். என்ன ஆச்சு?"

"அதுல ஒரு விவரம் விட்டுப்போச்சு அண்ணி. சிரிப்ப நிறுத்தணுமா, உங்களச் சேத்துக்கணுமான்னு நீங்க சொல்லவே இல்ல."

நாத்தனார் போனைக் காதிலிருந்து எடுத்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. முன்னறை முழுவதையும், தொங்குகிற கால்சட்டைகளையும், சீட்டுகளையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். ஜெராக்ஸ் மெஷின் எந்த மூலையில் வரும் என்று பார்க்கிறாள் என்றே தம்பி மனைவிக்குத் தோன்றியது.

"என் திரைச்சீலைய வெட்டுனது யாரு?"

கொல்லைக் கதவுக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. "கத்தரி அவளோடது, அக்கா."

டீச்சரம்மாதான் முதலில் வெடித்துச் சிரித்தாள். பிறகு எல்லோரும். அடக்கிவைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்ததால் அது நிற்கவில்லை. நாத்தனார் அங்கேயே நின்றாள், அப்போதும் சிரிப்பு நிற்கவில்லை. ஒருத்தி நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள். நாத்தனார் உட்கார்ந்தாள். எலிச் சீட்டுக் கதையை யாரோ அவளுக்கு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்கள். பாதியில் போன் மறுபடி ஒலித்தது. பக்கத்தில் இருந்தது நாத்தனார்தான், எடுத்தாள்.

"என்னது, தண்ணி வரலையா? எத்தன நாளா? இத்தன நாளும் வாய மூடிக்கிட்டு இருந்துட்டு இப்பத்தான் தெரிஞ்சுதா? விலாசம் சொல்லு." வைத்துவிட்டு, சாக்கட்டி எங்கே என்று கையை நீட்டினாள்.

வாழ்நாளெல்லாம் குறை சொல்லியே பழகியவளுக்குக் குறை கேட்பது கைவந்த வேலையாக இருந்தது. ஜெராக்ஸ்காரர் திரும்ப வந்தபோது பெஞ்சிலிருந்தபடியே, இங்கே இடமில்லை, ஆபீஸ் நடக்கிறது என்று அனுப்பிவிட்டாள். போகும்போது அவருடைய சட்டைப்பை கிழிந்திருப்பதைச் சுட்டிக்காட்டவும் மறக்கவில்லை.

இதெல்லாம் கண்டக்டர் இருந்தபோது. அவர் இறந்துபோனபின் சில நாள் இழுப்பறைப் போன் தன்பாட்டுக்கு ஒலித்து ஓய்ந்தது. மெஷினுக்கும் உறை போட்டிருந்தது. முன்னறையில் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தெருவில் மறுபடி யாருக்கோ விளக்கு எரியவில்லை போலும். போன் விடாமல் அடித்தது. நாத்தனார் எழுந்து, ஒரு வெட்டுத்துணியை எடுத்து நாலாக மடித்து வாயில் வைத்துக்கொண்டாள். தொண்டையை இறுக்கினாள்.

"சொல்லுங்க," என்றது எண்ணெய் பூசின அந்தக் குரல், அப்படியே. "குறிச்சுக்கிட்டோம். உங்க புகார் நம்பர் முப்பத்தேழு."

போனில் பேசினது அவர்தான் என்று அண்ணிக்கு அப்போதே தெரியுமா என்று அவள் கேட்கவில்லை. மெஷினின் உறையைக் கழற்றினாள். நாத்தனார் துணிக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்: "அப்படியே, வீட்டுல கிழிஞ்சது, அவுந்தது ஏதாவது உண்டுங்களா?"