எண்ணெய் ஏறி முடியும் வரை

“பெல்ட்டைக் கழட்டிடுங்க மேடம்,” என்றார் பைலட்.

விஷ்ணுப்ரியா அப்போதுதான் அதைத் தட்டுத்தடுமாறிப் பூட்டியிருந்தாள். விமானத்தில் ஏறினால் பெல்ட்டைப் பூட்டச் சொல்வார்கள், கழற்றச் சொல்லி அவள் கேட்டதில்லை. பக்கத்தில் ஸ்ட்ரெச்சரில் அப்பா, பஞ்சாபகேசன், ஆக்ஸிஜன் முகமூடிக்குள் வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் ரெஷ்மா குனிந்து அவர் மார்புக்குக் குறுக்கே இருந்த பட்டையையும் தளர்த்தினாள்.

“எதுக்கு?”

“பிளேனுக்கு எண்ணெய் ஏத்தப் போறோம். உள்ள பேஷண்ட் இருக்கும்போது ஏத்தினா அதுக்குத் தனி ரூல் உண்டு.” பைலட் ஹரிகுமார் மலையாளம் கலந்த தமிழில் சொல்லிக்கொண்டே திறந்த கதவருகே நின்று, வழியில் கிடந்த அவளுடைய பையை எடுத்து வெளியே கொடுத்தார். “ஃபயர் வண்டி வந்து நின்னாத்தான் ஹோஸ் மாட்டுவாங்க. போனை ஆஃப் பண்ணிடுங்க. எந்த மிஷினையும் ஆன் பண்ணவும் கூடாது, ஆஃப் பண்ணவும் கூடாது. டாக்டர், ஹார்ட்டுக்கு ஷாக் குடுக்கற மிஷினைத் தொடவே வேண்டாம், கேட்டோ. மேடம், நான் ஓடுங்கன்னு சொன்னா நீங்க எறங்கி ஓடணும். அப்பாவை நாங்க தூக்கிக்குவோம். நீங்க நின்னு பாக்கக் கூடாது.”

அவள் தலையை ஆட்டினாள். அப்பாவை விட்டுவிட்டு ஓட வேண்டும் என்று இவ்வளவு சாதாரணமாக ஒருவர் சொல்ல முடியுமா?

வழக்கமாக நோயாளி வருவதற்குள் எண்ணெய் நிரப்பி வைத்துவிடுவார்களாம். இன்று நோயாளி முந்திக்கொண்டார். அதற்குக் காரணம் கரமனையில் வீட்டு வாசலிலும் கூடத்திலுமாக நடந்துகொண்டிருந்த அம்மா. புதன்கிழமை, பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். ஊருக்குக் கிளம்புவதற்குள் ராகு காலம் வந்துவிடும் என்றால், பெட்டியை முன்கூட்டியே அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது அந்தத் தெருவின் வழக்கம். பெட்டி கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பின மாதிரி. “பிளேன் எப்ப வேணா கெளம்பட்டும். அவரை அதுக்குள்ள ஏத்திடு, அது போறும்,” என்று போனில் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பாவையே பெட்டியாக்கிவிட்டாள் என்று வேறொரு நாளாயிருந்தால் ப்ரியா சிரித்திருப்பாள்.

இன்று சிரிக்கவில்லை. சென்னையில் இதயத்துக்கு ஏதோ இயந்திரம் பொருத்தினால் பிழைக்க வழியுண்டு என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வழி கெட்டுப்போகக் கூடாது என்ற பயத்தில் எதையும் தட்ட அவளுக்குத் தைரியமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து சீக்கிரமே கிளம்ப வைத்தாள். விமானத்தருகே ஆம்புலன்ஸ் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றபோது, “இப்பவே ஏத்திடலாமா டாக்டர்?” என்று கேட்டதும் அவள்தான். ஏ.சி. சரியாக இல்லை, ஏற்றலாம் என்றாள் ரெஷ்மா. ஏற்றி முடித்த கையோடு எண்ணெய் லாரி வந்து நின்றது. ஹரிகுமாரின் முகம் சுருங்கிவிட்டது. “திரும்ப எறக்கலாமா?” என்று கேட்டார். “வேண்டா. இன்னொரு தடவை அசைச்சா தாங்க மாட்டார்,” என்றாள் ரெஷ்மா.

ஃபயர் வண்டி வந்தது. வெளியே ஏதோ உலோகம் உரசும் சத்தம், பிறகு ஒரு சீரான இரைச்சல். திறந்த கதவு வழியாக எண்ணெய் வாடை மெல்ல உள்ளே வந்தது.

அப்பா கண்ணைத் திறந்தார்.

வாடை போதும், அவருக்குத் தெரிந்துவிடும். மின்சார வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெருப்பு என்றால் அவருக்குச் சிம்மசொப்பனம். பெட்ரோல் பங்கில் ஸ்கூட்டர் நிற்பதற்குள், “எறங்கு. செவுத்தோரமா போய் நில்லு,” என்பார். ப்ரியா பாவாடை கட்டிய நாளிலும் சொன்னார், அவள் வேலைக்குப் போய்க் கல்யாணமான பிறகும் சொன்னார். ஒருமுறை கொட்டுகிற மழையில் அம்மாவையும் பட்டுப்புடவையோடு இறக்கிவிட்டார். அன்று கல்யாணச் சாப்பாடு முடியும் வரை அம்மா அவரோடு பேசவில்லை.

இப்போது அவருடைய வலது கை போர்வையின் மேல் லேசாக அசைந்தது. விரல்கள் வெளிப்பக்கமாகத் தள்ளின. மறுபடி தள்ளின.

“தண்ணி கேக்கறாரோ?” என்றாள் ரெஷ்மா.

“இல்லை. என்னை எறங்கச் சொல்றார்.”

“ஞான் இருக்கேன் இல்லே, பேடிக்காதீங்கன்னு அவர்கிட்ட சொல்லுங்க.”

ப்ரியா அப்பாவின் காதருகே குனிந்தாள். “அப்பா, பயப்பட வேண்டாம். ஒண்ணும் ஆகாது. டாக்டர் இருக்கா. ஃபயர் வண்டி நிக்கறது.”

கை நிற்கவில்லை. கண்கள் கதவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தன. முகமூடிக்குள் மூச்சு வேகம் பிடித்தது. திரையில் எண்கள் ஏறின. ரெஷ்மா சட்டென்று, “எறங்கிக்கோங்க ப்ரியா. அவர் சமாதானமாகட்டும்,” என்றாள்.

அவள் இறங்கினாள். உள்ளுக்குள் ஒரு மூலையில் இறங்கத்தான் ஆசையாயிருந்தது, அந்த வாடையிலிருந்து தப்பினால் போதும் என்றிருந்தது. ஃபயர் வண்டியருகே போய்த் திரும்பியபோது கதவு வழியாக அப்பாவின் கை தெரிந்தது. அது அடங்கிப் போர்வையின் மேல் கிடந்தது. நிம்மதியாயிருக்கிறார் என்று நினைத்தாள்.

பிறகு உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு மணி விடாமல் அடித்தது.

ரெஷ்மா ஸ்ட்ரெச்சரின் மேல் முழங்காலிட்டு அப்பாவின் மார்பை அழுத்துவது தெரிந்தது. “நிறுத்து, நிறுத்து,” என்று ஹரிகுமார் கைகளை மேலே ஆட்டினார். இரைச்சல் நின்றது. ஆனால் ஹோஸைக் கழற்ற வேண்டும், மூடியைத் திருக வேண்டும், லாரி விலக வேண்டும். எல்லாரும் ஓடித்தான் செய்தார்கள். ப்ரியாவின் கண்ணுக்கு எல்லாரும் தண்ணீருக்குள் நடப்பது போலிருந்தது. அவள் முன்னால் பாய்ந்தாள். தீயணைப்புக்காரர் குறுக்கே கையை நீட்டி, “அங்கோட்டு போகண்டா மோளே,” என்று தடுத்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

லாரி விலகியதும் ஹரிகுமார் கட்டைவிரலை உயர்த்தினார். ஷாக் கொடுத்தார்கள். மறுபடி கொடுத்தார்கள்.

வெகுநேரம் கழித்து ரெஷ்மா இறங்கி வந்தாள். நெற்றி முடி வியர்வையில் ஒட்டியிருந்தது. “ஷாக்கை முன்னாலேயே கொடுத்திருந்தாலும் பலன் இருந்திருக்காது, ப்ரியா. அவ்வளவு வீக்கான ஹார்ட்,” என்றாள். ப்ரியா அவள் முகத்தையே பார்த்தாள். அது உண்மையா ஆறுதலா என்று அந்த முகத்தில் எழுதியிருக்கவில்லை.

வந்த ஆம்புலன்ஸிலேயே அப்பாவைத் திருப்பி ஏற்றினார்கள். வீட்டிலிருந்த தம்பி அனந்துக்குப் போன் செய்து, அப்பா போய்விட்டார் என்று ப்ரியா சொன்னாள். அவன் அம்மாவிடம் சொல்லிக்கொள்வதாகச் சொன்னான். அதைத் தவிர அவனிடம் எதையும் விவரிக்கவில்லை. எண்ணெய், ஹோஸ், காத்திருந்தது, எதுவும் அவள் வாயில் வரவில்லை. வழி முழுக்க ஒரே திகில்தான். அம்மா ஒரு நாள் கேட்பாள். முன்கூட்டியே ஏற்றியதால்தான் ஷாக்குக்குக் காத்திருக்க நேர்ந்தது என்று தெரிந்துகொண்டால் அதன் பிறகு அம்மா எப்படி இருப்பாள்?

கரமனைக்கு முன்னால் டிரைவர் வண்டியைப் பெட்ரோல் பங்குக்குள் திருப்பினார். “ஸாரி மேடம். ஏ.சி. ஓடி ஓடி டீசல் தீர்ந்துபோச்சு. அஞ்சு நிமிஷம்.”

வண்டி நிற்பதற்குள் ப்ரியா கதவைத் திறந்து இறங்கினாள். நேரே சுவரோரமாகப் போய் நின்றாள்.

போன் அடித்தது. அனந்த் பேர் வந்தது, பேசியது அம்மா. அழுகைச் சத்தம் இல்லை.

“ப்ரியா.”

“சொல்லும்மா.”

“ராகு காலத்துக்கு முன்னாடி அவரை ஏத்திட்டியோல்லியோ?”

ப்ரியா சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

“ஏத்திட்டேம்மா. நீ சொன்னபடியே ஏத்திட்டேன்.”

“அது போறும்,” என்றாள் அம்மா.

டிரைவர் வண்டியருகிலிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டார். குழாய் இன்னும் வண்டியில்தான் இருந்தது. பங்குப் பையன் அதை எடுத்து மாட்டி, மூடியைத் திருகி முடிக்கிற வரை அவள் அங்கேயே நின்றாள்.