வரிக்கு ஒரு எண்டர்

டைப்ரைட்டிங் ஹையர் தேர்வில் தமிழிலும் ஆங்கிலத்திலும் முதல் வகுப்பு வாங்கியவள் நான். பெயர் யூனிஸ். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில், டாக்டர் சத்யநாராயணன் சொல்லச் சொல்லப் பதினோரு வருடமாக ரிப்போர்ட் அடிக்கிறேன். அவர் நோயாளியின் வயிற்றில் கருவியை உருட்டிக்கொண்டே சொல்வார். நான் அறை மூலையில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். திரையை முறைத்துப் பார்ப்பதால் ஒரு எழுத்துகூட அதிகமாக விழப்போவதில்லை. காது கேட்டால் போதும், மற்றதை விரல் பார்த்துக்கொள்ளும்.

என் பழக்கம் ஒன்று மட்டும் மேனேஜர் பத்ரிநாராயணனுக்கு ஆகவே ஆகாது. வரி முடிந்ததும் எண்டரை ஓங்கித் தட்டுவேன். டைப்ரைட்டரில் வரிக்கு வரி உருளையைத் தள்ளிப் பழகிய கை, சும்மா இருக்காது. "மேடம், கம்ப்யூட்டர் அதுவே அடுத்த வரிக்குப் போயிடும். கீபோர்டை உடைக்காதீங்க" என்று வாரம் இரண்டு முறையாவது சொல்வார். நான் தலையை ஆட்டிவிட்டு மறுபடி தட்டுவேன்.

போன வியாழக்கிழமை, படப்பையிலிருந்து சின்னப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். கொத்தனார். திங்கட்கிழமைதான் எங்களிடம் ஸ்கேன் எடுத்துப் போயிருந்தார்.

"இன்னா சார் ரிப்போர்ட்டு குட்த்தீங்க? அதப் பாத்துட்டு எங்க ஊரு டாக்டரு கேஸ் மாத்திரை எழுதிட்டாரு. நேத்து சாரத்து மேல நின்னுகினு இருக்க சொல்ல வலி வந்துச்சு. மேஸ்திரி புடிக்கலன்னா நான் காலி!"

டாக்டர் உடனே மறுபடி ஸ்கேன் பார்த்தார். இடது சிறுநீரகத்தில் நான்கு மில்லிமீட்டர் கல். "திங்கட்கிழமையே சொன்னேனே!" என்று ரிப்போர்ட்டைப் பிடுங்கிப் பார்த்தார். வலது சிறுநீரகம் இருந்தது. இடதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கீழே அவருடைய கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது; அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பத்ரி சார் என்னை வெளியே கூப்பிட்டார். "நாளையிலேர்ந்து வர வேண்டாம் மேடம். பேசினா தானே டைப் பண்ற சாஃப்ட்வேர் எல்லாம் வந்தாச்சு."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "நான் அடிச்சேன் சார். இடது கிட்னி, நாலு மில்லிமீட்டர். அடிச்சிட்டு எண்டரும் தட்டினேன்."

"அப்போ அந்த வரி எங்க மேடம், பறந்துபோச்சா?"

அப்போது ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்த சின்னப்பன் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். "போன வருசமும் இங்கதான் எட்த்தேன். இதோ கீது பாருங்க. திங்கக்கெழம இந்த மேடந்தான் பழசு இல்லன்னாங்க."

சொன்னது நான்தான். திங்கட்கிழமை டாக்டர் நடுவில் பழைய ரிப்போர்ட் கேட்டார். சின்னப்பனின் பதிவிலிருந்த லிங்க்கைத் தட்டினேன். பிரவுசர் திறக்க எப்போதும் நேரம் எடுக்கும். அதற்குள் டாக்டர் மேலே சொல்லிக்கொண்டு போனார், நானும் கண்ணை மூடி அடித்துக்கொண்டு போனேன். "பழசு வந்துதா?" என்று அவர் கேட்டபோது கண்ணைத் திறந்தேன். திரையில் 'பதிவு இல்லை' என்று இருந்தது. அதை மூடிவிட்டு மேலே அடித்தேன். பழைய ரிப்போர்ட் இருந்திருக்கிறது. அப்படியென்றால் அந்தப் பக்கம் எதைத் தேடிவிட்டு இல்லை என்றது?

நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். "டாக்டர், நீங்களும் வாங்க. சார், இங்க நில்லுங்க."

லிங்க்கைத் தட்டினேன். ரிப்போர்ட்டுக்குத் திரும்பி, கண்ணைத் திறந்தபடியே அடிக்க ஆரம்பித்தேன். அரை வரி ரிப்போர்ட்டில் விழுந்தது. பிறகு, யாரும் கூப்பிடாமலே பிரவுசர் தாவி முன்னால் வந்து நின்றது. மீதி அரை வரி அதன் தேடல் கட்டத்தில் போய் விழுந்தது. எண்டர் தட்டினேன். 'பதிவு இல்லை.'

"போன மாசம் நீங்க போட்ட புது ப்ரோக்ராம் சார். அதுலதான் பழசெல்லாம் லிங்க்கா வருது" என்றேன். பத்ரி சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

அடுத்து பிரவுசரின் ஹிஸ்டரியைத் திறந்தேன். அந்தக் கட்டத்தில் விழுந்து நான் எண்டர் தட்டிய ஒவ்வொரு வரியும் ஒரு தேடலாகப் பதிவாகியிருந்தது. திங்கட்கிழமை, காலை பத்து நாற்பது: இடது சிறுநீரகம், நான்கு மில்லிமீட்டர் கல். அன்று பிரவுசர் வரி தொடங்கும்போதே தாவியிருக்கிறது; முழு வரியும் அங்கே இருந்தது. டாக்டர் வாய்விட்டுப் படித்தார். "நான் சொன்னது அப்படியே இருக்கு" என்றார். எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது.

அப்போதுதான் கீழே பார்த்தேன். அங்கே இன்னும் மூன்று வரிகள் இருந்தன, வேறு வேறு நாட்களில். மூன்றும் நான் அடித்தவை. மூன்றும் யாருடைய ரிப்போர்ட்டிலிருந்தோ காணாமல் போனவை.

அவர்கள் இருவரும் அதைக் கவனிக்கவில்லை. மூடிவிட்டால் நான் குற்றமற்றவளாக எழுந்து போகலாம். பயமாகத்தான் இருந்தது. ஆனால் சாரத்திலிருந்து விழப்பார்த்த மனிதர் பக்கத்து அறையில் படுத்திருந்தார்.

"டாக்டர், இன்னும் மூணு பேர் இருக்காங்க. பிரவுசர் தாவினது அதோட தப்பு. பார்க்காம அடிச்சது என் தப்பு."

"இதை வெளியில சொன்னா சென்டர் பேரு கெடும் மேடம்" என்றார் பத்ரி சார் அவசரமாக.

டாக்டர் திங்கட்கிழமை ரிப்போர்ட்டில் தன் கையெழுத்தைத் தொட்டுக் காட்டினார். "படிக்காம கையெழுத்துப் போட்டவன் நான்" என்றார். "நோட்டைப் பார்த்து போன் பண்ணுங்க, யூனிஸ்."

வருகை நோட்டில் நேரத்தைப் பொருத்திப் பெயர்களைக் கண்டுபிடித்தேன். மூவரிடமும் நானே பேசினேன். அஸ்தினாபுரத்துத் தீபலட்சுமி என்னை நன்றாகத் திட்டினார். திட்டட்டும் என்று கேட்டுக்கொண்டேன். கடைசியில், "அந்த ரிப்போர்ட்டை வச்சுத்தான் அடுத்த வாரம் ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருக்காங்க. இப்பவாவது சொன்னீங்களே" என்று போனை வைத்தார்.

பிறகு சின்னப்பனின் புது ரிப்போர்ட்டுக்கு உட்கார்ந்தேன். பழைய ரிப்போர்ட்டைத் திறந்து, பிரவுசர் முழுதாக வந்து அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். டாக்டரும் காத்திருந்தார். அப்புறம்தான் அவர் சொல்ல, நான் கண்ணைத் திறந்துகொண்டு அடித்தேன். பத்ரி சார் என் பின்னாலேயே நின்றார்.

"நாளைக்கு வழக்கம்போல ஒன்பதுக்கே வரட்டுமா சார்?" என்றேன், திரும்பாமலே.

"வாங்க மேடம்."

இடது சிறுநீரகம், நான்கு மில்லிமீட்டர் கல். எண்டரை ஓங்கித் தட்டினேன். கீபோர்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.