ஒன்பது மில்லிமீட்டர்

பொலிஸ்காரனான மகன் யசீகரன் சுடப்பட்டு இறந்த நான்காம் மாதம், ஜெயரட்ணம் துப்பாக்கிக் குண்டுகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கினார். இருபது வருடமாகப் புக்கெகோஹி ஊரில் வெங்காயம் தரம் பிரித்தவர் அவர். இப்போது பிளாட் புஷ் வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்க அச்செடுத்த தாள்கள். நாற்பத்தைந்து காலிபர் குண்டு பெரிது, ஆனால் சுடும்போது கையை உதறும். நாற்பதைப் பிடித்திருந்த அமெரிக்கப் பொலிஸார் பலர் ஒன்பது மில்லிமீட்டருக்கே திரும்பிவிட்டார்கள். யசீகரனுக்குப் பொலிஸில் கொடுத்ததும் ஒன்பதுதான். அன்று அது அவன் இடுப்பில் இல்லை. இந்த நாட்டுப் பொலிஸ் வழக்கப்படி காருக்குள், பூட்டிய பெட்டியில் இருந்தது. அவனைக் கொன்றது இருபத்திரண்டு. முயல் சுடுகிற குண்டு.

“மிளகளவு தடிப்புத்தான், உஷா,” என்றார் மனைவியிடம்.

உஷா தாளைப் பார்க்கவில்லை. “அதைத் தெரிஞ்சு என்ன செய்யப்போறியள்?”

அமைச்சருக்கு மனு எழுதப்போகிறார். பொலிஸ்காரர் எல்லோரும் துப்பாக்கியை இடுப்பிலேயே வைத்திருக்க வேண்டும், இன்ன காலிபர்தான் வேண்டும் என்று. சந்தேகம் கேட்கத்தான் அந்த ஞாயிறு காலை ராகேஷை வரச் சொல்லியிருந்தார். யசீகரனோடு ஒரே பொலிஸ் காரில் போன கூட்டாளி, திருச்சிப் பையன். செத்தவீட்டுக்குப் பிறகு இப்போதுதான் படியேறுகிறான்.

“தம்பி, ஒன்பது காணுமோ? நாற்பதாலை சுட்டிருந்தால் அந்தத் துவக்குக்காரன் உடன விழுந்திருப்பானோ?”

“பெரிய வித்தியாசம் இல்ல, அங்கிள். எங்க படுதுங்கறதுதான்.”

“அப்ப, என்ர பிள்ளையின்ர இடுப்பில அது இருந்திருந்தால்?”

ராகேஷ் நாற்காலியை முன்னால் இழுத்தான்.

“அந்த ஆள் துப்பாக்கியோட வாசல்ல நின்னப்பவே பெட்டிய நான் திறந்துட்டேன், அங்கிள். என்னோடத எடுத்துக்கிட்டு யசியோடத அவன்கிட்ட நீட்டினேன். வேண்டாம்னுட்டான். ‘அவன் அழுதுகொண்டு நிக்கிறான், துவக்கைக் கண்டால் இன்னும் பயந்திடுவான், நான் கதைச்சுப் பாக்கிறன்’னு தமிழ்லயே சொன்னான். பதினொரு நிமிஷம் பேசினான். அந்த ஆள் கைய இறக்கிட்டான். அப்பப் பார்த்து பக்கத்து வீட்டுக் கதவு படார்னு சாத்திக்கிச்சு. அவன் திடுக்கிட்டுச் சுட்டுட்டான்.”

“நீ?”

“கார் பின்னாடி நின்னேன். என் கையில அதே ஒன்பதுதான். யசி நடுவுல நின்னான். சுட முடியல.”

“ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

“விசாரணைல எல்லாம் சொல்லிட்டேன், அங்கிள். உங்க முகத்தப் பார்த்துச் சொல்ல வரல.”

உஷா சமையலறை வாசலில் நின்றாள். “அவனோட என்ன கதைச்சவன் என்ர பிள்ளை?”

“பேரைக் கேட்டான், ஆன்ட்டி. அம்மா எங்க இருக்காங்கன்னு கேட்டான்.” அதற்குமேல் ராகேஷால் முடியவில்லை. முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு குலுங்கினான்.

இந்த வீட்டில் இழந்தவர் தான் ஒருவர்தான் என்பதுபோல் நான்கு மாதமாக இருந்த ஜெயரட்ணம், எழுந்துபோய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். உஷா சத்தமில்லாமல் கதவு நிலையில் சாய்ந்து அழுதாள்.

மனு அந்த வாரம் போகவில்லை. பிறகும் போகவில்லை. எந்தக் குண்டு இருந்திருந்தாலும் தன் மகன் வெறுங்கையோடுதான் போயிருப்பான் என்பதை எந்த அமைச்சருக்கு, எப்படி எழுதுவது?