மேனேஜருக்குக் கொடுத்த அரை மாத்திரை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? எங்கள் வீட்டுப் பூனை சாகக் கிடந்ததற்குக் காரணமான ஆளை நாலு பேர் பார்க்கக் கிழித்துத் தொங்கவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் பூனையின் கண்களில் ஒரு கேள்வி (அடித்தாயிற்று. பூனையின் கண்ணில் கேள்வி இருக்காது, பசிதான் இருக்கும்.)

மழை பெய்துகொண்டிருந்த ஒரு (பெய்யவில்லை. மண்டையைப் பிளக்கும் வெயில்.)

சே! நேராகவே சொல்லித் தொலைக்கிறேன்.

2

பூனையின் பெயர் மேனேஜர்.* அன்று அது சாப்பிடவில்லை, காது சுட்டது. வீட்டில் நானும் அக்காவும்தான். அக்கா தன்னுடைய காய்ச்சல் மாத்திரையில் பாதியை உடைத்துப் பாலில் கரைத்து அதன் வாயில் ஊற்றினாள். "மனுசனுக்கு ஆகுறது இதுக்கு ஆகாதா?" என்றாள். இரண்டு மணி நேரத்தில் மேனேஜரின் முகம் வீங்கியது. ஈறு பழுப்பாக மாறியது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது.

துணிக்கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கால்நடை டாக்டரம்மா ஈறைப் பார்த்ததுமே கேட்டார்: "வீட்டுல இருந்த மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்லீங்க" என்றாள் அக்கா.

[இங்கே அக்கா பாத்திரம் உதைக்கிறது. மருந்து அட்டையில் உள்ள எறும்பு எழுத்தைக்கூடக் கண்ணாடி போட்டுப் படிக்கிறவள் இப்படிச் செய்வாளா? வாசகர் நம்ப

3

எழுதிக்கொண்டிருந்த தாளை அக்காவே பிடுங்கிப் படித்துவிட்டாள்.

"ஏன்டா, மாத்திரையக் குடுத்தது நானா?"

"இது கதைக்கா."

"அன்னைக்கு நான் வேலைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தா நீயும் இல்ல, பூனையும் இல்ல. சமையல் மேடையில என் மாத்திரை அட்டை பிஞ்சு கெடந்துச்சு, பக்கத்துலயே பூனையோட பால் கிண்ணம். உடனே டாக்டருக்கு போன் போட்டுச் சொன்னது யாரு?"

"நீதான்."

"அவங்க கேட்டப்போ ஒண்ணுமே குடுக்கலன்னு சாதிச்சது யாரு?"

நான் பேனா மூடியைத் தேடினேன்.

"தம்பி பதட்டத்துல மறந்திருப்பான் டாக்டர்னு சொல்லி உன் மானத்தக் காப்பாத்துனது யாருடா?"

4

சரி, திருத்தம். கொடுத்தது நான். 'மனுசனுக்கு ஆகுறது' என்ற அந்த வசனமும் என்னுடையதுதான். கேட்க ஆளில்லாமல் பூனையிடமே சொன்னேன்.

டாக்டரம்மாவிடம் ஏன் இல்லை என்றேன்? நாயும் பூனையுமாக அறை நிறைய ஆட்கள். அத்தனை பேர் முன்னால் முட்டாளாக நிற்க மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம், இதைவிடக் கேவலமாக ஒன்று இருந்தால் அதையும் எழுதியிருப்பேன். முக்கால் மணி நேரம் அவர் வேறு எதையெதையோ தேடிக்கொண்டிருந்தார். மேனேஜர் மூச்சுக்குத் திண்டாடியது. நான் சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் போன் வந்த பிறகுதான் முறிவு மருந்து ஏறியது. "அந்த மாத்திரை பூனைக்கு வெஷம். துளிகூட ஆகாது" என்று டாக்டரம்மா உதவியாளரிடம் சொன்னார். எனக்காகச் சொன்னதுதான்.

நான்கு நாள் அங்கேயே கிடந்து மேனேஜர் பிழைத்தது.

5

இனி முடிவு. பூனை என் மடியில் வந்து படுத்து (படுக்காது. தினமும் இரண்டு வேளை ஈரல் மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சால் அதன் கடைவாயில் விடுகிறேன். பாதியை என் சட்டையில் துப்புகிறது.)

அக்கா மன்னிக்கிறாளா? கேட்டே பார்த்தேன்.

"மாத்திரை குடுத்தத மன்னிச்சுட்டேன், தெரியாம செஞ்ச. அத என் தலைல கட்டுனியே, அது தெரிஞ்சு செஞ்சது."

நாளை மேனேஜருக்கு ரத்தப் பரிசோதனை. அக்காவும் வருகிறாள். டாக்டரம்மா விடமாட்டார், கேட்பார்: "அன்னைக்கு நெஜமாவே மறந்துட்டீங்களா?" ஆமாம் என்றால் அக்கா முகத்தில் இனி விழிக்க முடியாது. இல்லை என்றால் அக்காவும் அல்லவா பொய் சொன்னவளாகிறாள்!

மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் என் பதில் வெகு அழகாக வந்துவிடுகிறது. எனக்கு என் மேல் நம்பிக்கை இல்லை. நீங்களே எழுதுங்கள். ஆனால் ஒன்று, தயவுசெய்து எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

* ஒரு வேலையும் செய்யாமல் எல்லா அறையையும் சுற்றிப் பார்த்துவிட்டு, திருப்தியில்லாமல் திரும்புவதால்.