பால் வடியும் தண்டு

ஹம்சவேணியின் மடியில் விரிந்திருந்த தாவர நூல் அவளை விடுவதாக இல்லை. செடியின் பேரைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு எண்ணிலும் ஒரு கேள்வி. பதில் சொன்னால் அடுத்த எண்ணுக்குத் தள்ளிவிடும். செய்முறைத் தேர்வில் இந்த விளையாட்டு அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் இது ஆஸ்பத்திரி வராண்டா. திரைக்குப் பின்னால் அப்பா ராமமூர்த்தி விடாமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

நேற்று கல்லூரிச் சுற்றுலாவில், கொடைக்கானலுக்கு மேலே புல்வெளியில் பார்த்த செடியால் வந்த வினை. ஆள் உயரத் தண்டு, உச்சி முழுக்க வெள்ளைப் பூ. வேரோடு இரண்டைப் பிடுங்கி வில்லாபுரத்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். பேர் என்ன என்று அப்பா கேட்டதற்கு, “திங்கக்கிழமைக்குள்ள கண்டுபிடிச்சுருவேன். ஒண்ணும் பண்ணாதுப்பா, சும்மா புல்லுக்காட்டுப் பூ” என்றாள், பெரிய மேதாவி மாதிரி. அப்போதே தண்டை ஒடித்துப் பார்த்திருக்க வேண்டும். ஒடிந்த செடிக்கு மதிப்பெண் குறைப்பார்கள் என்று ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிப் பொத்தி வைத்தாள்.

வாளியில் நின்ற இன்னொன்றை இன்று பகலில் அப்பா நறுக்கினார். உள்ளே குழாய் மாதிரி கூடாக இருந்தது. சின்னப்பிள்ளை ஆசை வந்து, அதை வைத்தே இளநீரை உறிஞ்சிவிட்டார். “எம்மக மலையில இருந்து கொண்டாந்தது” என்று பக்கத்து வீட்டில் பெருமை வேறு.

டாக்டர் வெளியே வந்தார். “என்ன செடின்னு தெரிஞ்சாத்தான் மேக்கொண்டு யோசிக்க முடியும். குத்துமதிப்பாச் சொல்லிராதம்மா.”

கையோடு கொண்டுவந்திருந்த செய்தித்தாள் சுருளைப் பிரித்தாள். பூ ஒரு பக்கம் பிளந்திருக்கிறதா? பிளந்திருந்தது. மகரந்தப் பைகள் ஒட்டியிருக்கின்றனவா? நகத்தால் கிளறினாள், ஒட்டித்தான் இருந்தன. கடைசிக் கேள்வி தண்டுக்கு. தெளிந்த சாறு வந்தால் வேறு செடி. பால் வந்தால் ஒரு பெயர். அதன் கீழே ‘கடும் நச்சு’ என்று அச்சாகியிருந்தது.

தண்ணியாக வரட்டும் என்று கள்ளழகரை வேண்டிக்கொண்டு ஒடித்தாள். வெள்ளையாகப் பால் வடிந்து அவள் கட்டைவிரலில் ஒட்டியது.

“காட்டுப்புகையிலை” என்றாள்.

“நிச்சயமா?”

“நிச்சயம் சார்.”

டாக்டர் உள்ளே ஓடினார். பின்னாலேயே நர்ஸ் ஒரு தட்டோடு ஓடினாள். திரை விலகிய கணத்தில் அப்பா அவளைப் பார்த்துவிட்டார். உதடெல்லாம் வெளுத்திருந்தது. வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தில் மெதுவாகக் கேட்டார், பூவுக்குப் பேர் கண்டுபிடித்துவிட்டாயா என்று.

புத்தகத்தைச் சட்டென்று மூடினாள்.

“இன்னும் இல்லப்பா.”